வேலிக்கு வெளியே கேட்ட பூகோளம்

பள்ளிக்கூடத்தை விட்டு வெகுதூரம் நடந்துவிட்டேன். காஜா பேராங் வட்டாரம் பின்னால் போய், விமானத் திடலுக்குப் போகும் பத்து பெரெண்டாம் சாலையில் வெயில் ஏறியிருந்தது. இடைநிலைப் பள்ளிக்கு நான் தேறவில்லை என்று சொல்லும் தாள் சட்டைப்பையில் இருந்தது. வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஆண்டில்தான் நாடெங்கும் ஃப்ளூ காய்ச்சல் பரவியது. பள்ளியை மூடினார்கள். மூடுவதற்கு முன், எங்களுக்கு இரவலாகத் தந்திருந்த புத்தகங்களை ஆசிரியர் திருப்பி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். காய்ச்சல் வீட்டுக்குப் போன புத்தகத்தை எரிக்க வேண்டிவரும் என்றார். சொந்தமாக வாங்கியவர்கள் வீட்டிலிருந்து படித்தார்கள். நகராட்சிக் கூலிகள் குடியிருந்த எங்கள் வரிசை வீடுகளில் ஒன்றிலும் புத்தகம் இல்லை.

என் வகுப்பில் ஒரு கிராணியின், அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவரின், மகன் படித்தான். அவனிடம் கேட்கப் போனேன். அவன் அம்மா வேலிக்குள்ளிருந்தே, "ஒன் தங்கச்சி காய்ச்சல்ல படுத்திருக்காளாமே. புத்தகம் போனா காய்ச்சலோடதான் திரும்பி வரும்யா, கோவிச்சுக்காத" என்றார். வெறுத்துச் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டு, வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு தினமும் அவன் உள்ளே, நான் வெளியே. நாட்டின் ஆறுகளை அவன் வரிசையாகச் சொல்வான், நான் திருப்பிச் சொல்வேன். ஒருநாள் நிறுத்திவிட்டு, "இதுல படம் ஒண்ணு இருக்குடா. நெறைய கோடு. அத எப்புடிப் படிச்சுக் காட்டுறது? விடுலா" என்றான். நானும் விட்டுவிட்டேன்.

பள்ளி திறந்ததும் இடைநிலைப் பள்ளிக்கான தேர்வு வைத்தார்கள். பெயர் போடாத நாட்டுப்படத்தைக் கொடுத்து ஆறுகளைக் குறிக்கச் சொன்னார்கள். பெயர்கள் அத்தனையும் தெரியும். எந்தக் கோடு எந்த ஆறு என்று தெரியவில்லை. கேட்ட வரிசையிலேயே மேலிருந்து கீழாக எழுதினேன். கிழக்கே ஓடும் ஆறுகளெல்லாம் மேற்கில் வந்து விழுந்தன. படம் பார்த்துச் செய்ய வேண்டிய கணக்குகளும் அப்படியே போயின. கிராணி மகன் தேறினான். அவன்மேல் கோபமில்லை. எனக்காகத் தொண்டை கட்டப் படித்தவன் அவன்.

தாளோடு நடந்த அந்தச் சாலையில், விமானத் திடலருகே சிலர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். அவர்களின் மண்டோர், வேலை வாங்குகிறவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்கூல் இல்லையா?"

"முடிஞ்சிருச்சு அண்ணே."

"முடிச்சிட்டியா, முடிஞ்சிருச்சா?"

பிறகு வயதைக் கேட்டார். இரண்டு கூட்டிச் சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் காலையில் வரச் சொன்னார். வீட்டில் சொன்னபோது, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று மட்டும் அப்பா கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் புல் வெட்டினேன். பத்து மணிக்கெல்லாம் இடுப்பு பிடித்துக்கொண்டது.