வாசலில் நின்றவன்

ஆவூர் சூசை போய்விட்டான் என்று இலுப்பூர் கடைவீதியில்தான் கேள்விப்பட்டேன். வாங்கிய உர மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்துவிட்டுத்தான் எப்படி என்று கேட்டேன். செத்துவிட்டான் என்பதற்காக அவனை ‘அவர்’ என்று எழுத எனக்கு வராது. ஆவூர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடக்கத்தன்று அவன் மகள் என் கையைப் பிடித்து, “அப்பாவப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க மாமா, முப்பதாம் நாள் பூசையில படிக்கணும்” என்றாள்.

வளைகுடாவில் ஒரே கம்பெனி, ஒரே அறை. இரண்டு பேரும் ஏசி மெக்கானிக். ஆனால் சூசைக்கு அது பக்க வேலை, ஜெபம்தான் முதல் வேலை. எவனுக்காவது பல்வலி என்றால் முதலில் ஜெபம், பிறகுதான் மாத்திரை. மெஸ்ஸில் ஒருவன் வீட்டை நினைத்துச் சோற்றைத் தள்ளி வைத்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். “ஏன்டா, பாவப்பட்டவன விட மாட்டியா?” என்பேன். “கதவு தானாத் தெறந்து கெடக்கு மாப்ள, நொழையாம எப்படிப் போறது?” என்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

வேலையிடத்தில் இதெல்லாம் கூடாதென்று ஃபோர்மேன் இரண்டு முறை எச்சரித்தார். காதில் ஏறவில்லை. ஒருநாள் கம்பெனி பஸ் டிரைவர், ஊரில் பிள்ளை இறந்த சேதி கேட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்து அழுதார். எல்லோர் முன்னாலும் அவர் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்தான் சூசை. யாரோ வீடியோ எடுத்து மேலே அனுப்பிவிட்டார்கள். ஒரே அறை, ஒரே மாவட்டம் என்று என் விசாவையும் சேர்த்து ரத்து செய்தார்கள். ஏர்போர்ட்டில், “அங்கிட்டுப் போயும் ஆண்டவர் வழி விடுவார் மாப்ள” என்றான். விடவில்லை. இலுப்பூரில் என் வீடு இன்றும் பாதிச் சுவரோடு நிற்கிறது. அதை நான் மன்னிக்கவில்லை.

அதற்கு முந்தைய வருஷம் என் ஆத்தா இறந்தபோது லீவு தரவில்லை. கொள்ளி வைக்கத் தம்பி இருந்தான். மூத்தவன் நான் கேம்ப் குளியலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சூசை சவரக்கத்தியோடு வந்தான். ஜெபத்தை ஆரம்பிக்கப் போகிறான், வாயைத் திறந்தால் அறைந்துவிடுவது என்றிருந்தேன்.

“தலையக் குனி. ஆத்தாவுக்குச் செய்ய வேண்டியதச் செய்யணும்ல.”

அவ்வளவுதான் பேசினான். நிதானமாக மொட்டையடித்து, வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். அறைக்குள் வந்ததும் ஆத்தா போட்டோவைத் துடைத்து என் பெட்டிமேல் வைத்தான். திருநீற்றை எடுத்து நீட்டிவிட்டு, நான் பூசி முடிக்கும்வரை வெளியே நின்றான்.

நாலு வார்த்தை என்னிடம் இல்லையம்மா. அன்றைக்கு என் கதவு அகலத் திறந்து கிடந்தது. உன் அப்பன் நுழையவில்லை. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.