விரலிடுக்கில் ஒரு பெயர்

1. திரும்பி வந்த மோதிரம்

அந்த மோதிரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நீளவட்டமான நீலக்கல், விரலுக்குக் குறுக்கே படுத்திருக்கும். அதன் இரு பக்கமும் மும்மூன்று வெள்ளைக் கற்கள். பட்டை நல்ல அகலம். வத்தேகமையிலிருந்து வந்த ஸ்டீபனின் அம்மா அப்படித்தான் கேட்டிருந்தார். மகனுக்குப் பேசி முடித்த பெண் அனுஷாவுக்கு நிச்சயதார்த்த மோதிரம். பெண் கடைக்கு வரவில்லை. அளவுக்காக அவளுடைய பழைய மோதிரம் ஒன்றைத்தான் கொண்டுவந்து தந்தார்கள்.

நிச்சயத்துக்கு முந்திய வாரம் ஸ்டீபன், அவன் அம்மா, அனுஷா மூன்று பேரும் கண்டிக்கு வந்து எங்கள் நகைக் கடைக்குள் ஏறினார்கள். ஸ்டீபன் மோதிரப் பெட்டியைக் கண்ணாடி மேல் வைத்தான்.

“அளவு பிழையா தம்பி?” என்றேன்.

“அளவு சரி அக்கா. இதப் போட்டா அவளால பேச முடியல.”

முதலாளி ஹாஜியார் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மடவளைக்காரர், ‘சொல்’ என்பதைச் ‘செல்’ என்பார், வாய் சும்மா இருக்காது. “மோதிரம் வெரலுக்கு, பேச்சு வாய்க்கு. என்ன மகன் செல்றீங்க?”

“அவளுக்குக் காது கேக்காது ஹாஜியார். கையாலதான் பேசுவா.”

ஹாஜியார் ஒரு முக்காலியை இழுத்து அனுஷாவுக்குப் போட்டார்.

ஸ்டீபனின் அம்மா இடையில் விழுந்தார். “நிச்சயத்தன்னைக்கு மட்டும் போட்டுக்கிட்டாப் போதும்னு சொல்லிட்டேன். அப்புறம் கழட்டி அலுமாரில வச்சிக்கட்டும். ஹோல் நெறைய சொந்தக்காரங்க வருவாங்க. சின்னதாப் போட்டா, காது கேக்காத பொண்ணுக்கு இது போதும்னு நெனச்சிட்டாங்கன்னு பேசுவாங்க. அந்தப் பேச்ச நான் கேக்கணுமா?”

“அம்மா, அன்னைக்குத்தான் அவ பேசணும்” என்றான் ஸ்டீபன். மோதிரம் போட்ட பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் எல்லோருக்கும் முன்னால் ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நிச்சயத்தை நடத்திவைக்கும் ஃபாதர் சொல்லியிருந்தாராம்.

2. உள்வட்டம்

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மாத்தளையில் பேக்கரி, கட்டுநாயக்கவில் தையல் மெஷின், குவைத்தில் வீட்டு வேலை. ஓரிடத்தில் கால் தரித்தது கிடையாது. குவைத்தில் கை வெந்து தழும்பானதும் திரும்பி வந்து, வெளிநாட்டுக்கு மோதிரம் அனுப்பும் ஒரு பெக்டரியில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்த வேலை மோதிரத்தின் உள்வட்டத்தைப் பாலிஷ் போடுவது. வெளிப்பக்கம் வேறு ஆட்களுக்கு.

அந்த வேலையில் சில விஷயங்கள் பிடிபட்டன. ஒரே அளவில் ஒடுங்கிய மோதிரம் லேசாகப் போகும், அகலமானது இறுக்கும். அகலத்துக்குத் தக்கபடி அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். உள்விளிம்பைச் சரிவாக உருட்டாவிட்டால் சாயந்திரம் கை வீங்கும்போது தோலைக் கடிக்கும். மேலே பாரம் கூடினால் மோதிரம் சுற்றிக்கொண்டு கல் சுண்டுவிரல் பக்கம் சாயும். விரல் மூட்டு பெரிதாகவும் அடி மெலிந்தும் இருப்பவர்களுக்கு, மூட்டைத் தாண்டுகிற மோதிரம் அடியில் ஆடும்.

இவ்வளவும் தெரிந்துதான் கண்டிக்கு வந்து ஹாஜியாரின் பட்டறையில் உட்கார்ந்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த கையெல்லாம் அளவுக்காக நீட்டிப் பிடித்த கை. சும்மா இருக்கிற கை.

3. சிவப்புப் பசை

அனுஷாவிடம் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு பேசச் சொன்னேன். ஸ்டீபன் கையசைத்து அதைச் சொன்னான். அவள் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கல் சரிந்தது. தட்டி நிமிர்த்தினாள். திரும்பவும் சரிந்தது. வெள்ளைக் கற்கள் பக்கத்து விரல்களில் இடித்தன. அவள் முகம் சுருங்கி, கைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, மடியில் போய் நின்றுவிட்டன. திக்குவாய்க்காரர் பாதியில் பேச்சை விடுவது போல.

பழைய பித்தளை மோதிரம் ஒன்றை எடுத்து, பாலிஷ் போடும் சிவப்புப் பசையை அதன் பக்கங்களில் பூசினேன். “இதப் போட்டுக்கிட்டு என்ன வேணும்னாலும் பேசச் சொல்லுங்க தம்பி. நிறுத்த வேணாம்னு சொல்லுங்க.”

அவள் குண்டசாலையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவள். அங்கே வரும் கஸ்டமர் ஒருத்தியின் கதையைச் சொன்னாள். ஸ்டீபன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான், ஆனால் நான் அவனைக் கேட்கவில்லை. விரல்கள் ஒன்றையொன்று தொட்டன, உரசின, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்தன. அந்தப் பெண் பஸ்ஸில் ஏறுவதும், இடுப்பு அளவைக் குறைத்துச் சொல்வதும், பிறகு சட்டை இறுக்குது என்று சண்டைக்கு வருவதும் என் கண் முன்னால் நடந்தன. எத்தனையோ விரல்களுக்கு மோதிரம் செய்தவள், விரலுக்கும் விரலுக்கும் நடுவே இவ்வளவு பெரிய உலகம் ஓடுவதை அன்றுவரை பார்த்ததில்லை. ஹாஜியாரும் கஸ்டமரை விட்டுவிட்டு வந்து நின்றார். “அல்லாஹ்ட கிருபை” என்றார் மெதுவாக.

அவள் நிறுத்தியதும் கையை வாங்கிப் பார்த்தேன். பித்தளை எங்கெங்கே இடித்ததோ அங்கெல்லாம் சிவப்பு ஒட்டியிருந்தது. அந்த இடங்களை அராவினேன், திரும்பப் பசை பூசினேன், திரும்பப் பேசச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு குறைந்தது. மோதிரத்தை அராவியது நான் இல்லை, அவள் பேச்சுதான்.

கடைசியில் அவள் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, ஒரு கையின் விரல்களை மற்றக் கையின் விரலிடுக்குகளில் பல்லுப் பல்லாகக் கோர்த்துத் திருப்பப் பார்த்தாள். விரல்கள் போகவில்லை, பட்டை நடுவில் தடுத்தது.

“அது என்ன வார்த்த?” என்றேன்.

ஸ்டீபனின் காது சிவந்தது. “என் பேருதான் அக்கா. நான் கராஜ்ல வேலை. என்னக் கையால கூப்பிட, கியர் சக்கரம் மாதிரி அவ கூட்டாளிமார் வச்சது.”

நான் பித்தளை மோதிரத்தை அவள் விரலிலிருந்து கழற்றினேன்.

4. தொதல்

வழி இருந்தது. கல்லை விரலின் நீளவாட்டில் வைத்து, பக்கக் கற்களை எடுத்துவிட்டு, விரலிடுக்கில் வரும் இடத்தில் பட்டையை மெலிதாக்க வேண்டும். கல்லுக்கு அடிவயிறு தடிப்பு, அதனால் விரலோடு ஒட்ட இறக்க முடியாது. கல்லைப் பிடிக்கும் நகம் வைக்காமல் சுற்றிவர விளிம்பு கட்டினால் எதிலும் கொளுவி இழுக்காது. சுற்றாமல் இருக்க அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாக்கி, உள்ளே இரண்டு சின்ன மணி வைக்கலாம்.

“வெள்ளக் கல்ல எடுக்கக் கூடாது” என்றார் ஸ்டீபனின் அம்மா. “எடுத்தா மொட்டையா இருக்கும்.”

ஹாஜியார் அவரைச் சமாதானப்படுத்த, வீட்டில் அல்வா மாதிரிக் கிண்டிய தொதல் துண்டு ஒன்றை நீட்டினார். “இதச் சாப்பிட்டுட்டுச் சண்ட பிடிங்க.” அம்மா பெரிய துண்டாக வாயில் போட்டுக்கொண்டார். தொதல் பல்லைக் கவ்விக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து ஸ்டீபன், “அப்ப கல்ல எடுத்திடுங்கக்கா” என்றான். அம்மா கையை ஓங்கினார், கண்ணை உருட்டினார், “ம்... ம்ம்...” என்றார். மகன் பெயர்கூட வாயிலிருந்து வரவில்லை.

அனுஷா விரல்களால் என்னவோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டீபன் சொல்லத் தயங்கினான்.

“செல்லுங்க மகன்” என்றார் ஹாஜியார்.

“அம்மா, இப்ப நீங்களும் அந்த மோதிரத்தப் போட்டிருக்கீங்களாம்.”

முதலில் சிரித்தது ஹாஜியார். அம்மா தொதலை விழுங்கும்வரை அனுஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீலக்கல்லு சின்னதாகாதே?”

“அதே கல்லுதான்மா. திருப்பி வைக்கிறேன், அவ்வளவுதான்.”

“அப்ப அந்த வெள்ளக் கல்ல தோடாச் செஞ்சு குடுங்க. சொந்தக்காரங்க பாக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “இவனக் கூப்புட முடியாத மோதிரத்த இவனே எப்பிடிப் போட்டு விடுவான்?”

5. பெயர்

நிச்சயத்துக்கு முதல் நாள் எடுத்துப்போக வந்தார்கள். கடைசியாக ஒருமுறை உள்வட்டத்தை அவள் முன்னாலேயே தேய்த்துக் கொடுத்தேன். அனுஷா மோதிரத்தைப் போட்டாள். மூட்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் தயங்கி, அடியில் போய் உட்கார்ந்தது. கைகளை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து விரல்களைக் கோர்த்துத் திருப்பினாள். திருகித் திருகிப் போனது, தடங்கல் இல்லாமல். கல் அசையவில்லை. ஸ்டீபன், தன்னை யாரோ கூப்பிட்டது போல, சட்டென்று நிமிர்ந்தான். கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அவன் பெயர் சொல்லப்பட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

ஸ்டீபனின் அம்மா தோட்டை அவள் காதில் மாட்டிவிட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, தன் முரட்டு விரல்களைக் கோர்த்துத் திருப்பிப் பார்த்தார். சரியாக வரவில்லை. அனுஷா அந்த விரல்களைப் பிடித்து நேராக வைத்துவிட்டாள்.

போகும்போது அவள் என்னைக் காட்டி ஸ்டீபனிடம் ஏதோ சொன்னாள். இடது கையின் ஆள்காட்டி விரலை வளையமாக வளைத்து, அதற்குள் வலது பெருவிரலை வைத்துச் சுழற்றினாள்.

“உங்களுக்குப் பேர் வச்சிருக்கா, அக்கா.”

பெக்டரியில் எனக்கு நம்பர்தான். குவைத்தில் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார்கள். உள்வட்டம் தேய்க்கிறவள் என்று என் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தது அவள் ஒருத்திதான். அந்தக் கையசைவை நான் தனியாக இருக்கும்போது செய்து பார்ப்பதுண்டு.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அளவு பார்க்கும் வளையக் கொத்தை எடுத்து விரலில் போட்டுப் பார்ப்பதற்கு முதல், அந்தக் கை காலையிலிருந்து ராத்திரிவரை என்ன செய்கிறது என்று கேளுங்கள். மா பிசைகிறதா, தேயிலைக் கொழுந்து எடுக்கிறதா, ஆஸ்பத்திரியில் கையுறை போடுகிறதா? பலருக்குச் சொல்லத் தெரியாது, சும்மா இருக்கிற கை என்பார்கள். நம்பாதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.