தம்பியின் பெயரில் வந்த குளிசைகள்

2009 ஜூன், போர் முடிந்து மூன்று கிழமை. ஒரு சனிக்கிழமை, நான் குடியிருக்கும் பிரெடெரிசியாவிலிருந்து டோஸ்ட்ருப் போய் வந்தேன். அதற்கு முதல் நாள் ராணி தொலைபேசியில் சொன்னதுதான் காரணம்: "அண்ணை, உங்கட தம்பியின்ர பேரில மருந்து வந்திருக்கு." ராணி எங்கள் ஊர்ப் பெண், டோஸ்ட்ருப்பில் இருப்பவர், அன்றுதான் கொழும்பிலிருந்து திரும்பியிருந்தார். மேலே கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. திருப்பி எடுத்தும் கிடைக்கவில்லை.

எனக்கு பிரஷர். இங்கே மாதக் குளிசைக்கு 180 டேனிஷ் குரோனர், கொழும்பில் இருபதும் ஆகாது. ஆகவே நோய்நொடி இல்லாத என் தம்பி குமரன், தனக்கு பிரஷர் என்று தன் பெயரில் மருந்துத் துண்டு எழுதுவித்து வாங்கி, வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவான். நம்மவர்களில் பலர் செய்த கெட்டித்தனம்தான். 2006 இல் வன்னிக்குப் போனான், பாதை மூடியது, குளிசையும் நின்றது. அந்த வருட மார்ச்சில் தொலைபேசியில் கடைசியாகக் கதைத்தான். உயிரோடு இருக்கிறானா என்று யாரிடம் கேட்பது?

காலை 9.10 ரயில், ஏறக்குறைய 190 கிலோமீற்றர், இரண்டு மணி நேரம், ஒரு வழிக்கு 290 குரோனர். ஒடென்சேயில் பெட்டி காலியாகிவிட்டது. பாலம் தாண்டிக் கடலடிச் சுரங்கத்துக்குள் போனபோது, எதிர்க் கண்ணாடியில் குமரன் இருந்தான். என் முகம்தான் என்று விளங்கிய பிறகும் அந்தப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

ராணி வீட்டில் பட்டப்பகலில் திரைச்சீலைகள் மூடியிருந்தன. தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. மேசையில் ஆளுக்கொரு கடதாசிப் பையாக மருந்துகள். ஒன்றில் நீல மையில் "செ. குமரன், காலை 1, இரவு 1". போர் முடிந்து ஒன்பது நாளுக்குப் பிந்திய திகதி.

"இதை எழுதேக்க அவன் கொழும்புக் கடையில நிண்டவனோ?"

"ஐயோ, இல்லை அண்ணை. நான்தான் வாங்கினனான். பழைய துண்டு கடையில கிடந்தது, பேரைச் சொன்னன், எழுதித் தந்தாங்கள். உங்களுக்கு உதவியா இருக்கும் எண்டு நினைச்சன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஆள் சுகமோ எண்டு கடைக்காரன் கேட்டவன். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது.

போகிறவர்களுக்கு: ஹோய டோஸ்ட்ருப் ரயில் நிலையத்தில் இறங்கினால் இரண்டு கிலோமீற்றர் நடை, சனிக்கிழமை பஸ்ஸை நம்ப வேண்டாம். மருந்தைப் பிறருக்காகக் காவிக்கொண்டு வராதீர்கள், ஆசியாவிலிருந்து தபாலில் எடுப்பிக்கவும் வேண்டாம், இரண்டும் சட்டப்படி பிழை. அப்போதெக்கில், அதாவது இங்கத்தைய மருந்துக்கடையில், கேட்டால், வேறு ஐரோப்பிய நாட்டிலிருந்து இறக்கிய அதே மருந்து மலிவாக இருந்தால் தருவார்கள். எதுவானாலும் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

நானும் இப்போது இங்கேதான் வாங்குகிறேன். ஆனால், "அந்தத் துண்டைக் கடையில கிழிக்கச் சொல்லட்டோ அண்ணை?" என்று ராணி வாசலில் கேட்டபோது வேண்டாம் என்றேன். என் தம்பி சுகமாக இருக்கிறான் என்று நம்புவதற்கு உலகத்தில் அந்த ஒரு கடைதான் இருக்கிறது.