அவிழ்க்கக் கூடாத சாரம்

என் கொழுந்தன் விழுந்து செத்தது கயிறு இற்றுப்போனதால். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேனோ, அத்தனை பேரும் தலையை ஆட்டிவிட்டு, "விதிங்க" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முந்தி, பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பண்ணையக்காரர் மாடி வீடு கட்டினார். அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் அங்கே கொத்தனார்கள், நான் சித்தாள். ஆனி மாதம் நல்ல நேரம் பார்த்து மூங்கிலை நட்டு, கற்றாழை நார்க் கயிற்றால் சாரம் கட்டினார்கள். ஆடி பிறந்ததும் வேலையை நிறுத்தினார்கள். அந்த ஒரு மாதமும் சாரம் காற்றிலும் மழையிலும் அப்படியே நின்றது.

ஆவணி முதல் தேதி வேலைக்குப் போனோம். கொழுந்தன் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். நார் பொடிப்பொடியாகக் கையில் வந்தது.

"மேஸ்திரிங்க, கவுறு நைஞ்சு போச்சுங்க. அவுத்துப் போட்டு வேற கட்டலாமுங்க."

"நேரம் பாத்துக் கட்டுன சாரம்டா. வேல முடியறதுக்குள்ள அவுத்தா ஊடு பாதியில நின்னு போகும். ஏறு."

பண்ணாடியும் பக்கத்தில்தான் நின்றார். வாயே திறக்கவில்லை. கொழுந்தன் ஏறினான். இரண்டாவது அடுக்கில் கால் வைத்ததும் குறுக்குக் கழி நழுவி, கல் குவியலில் தலைகீழாக விழுந்தான். நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். பாதி வழியிலேயே என் மடியில் மூச்சு நின்றுவிட்டது. கல்யாணச் சோறு தின்னக் கொடுத்துவைக்காத பிள்ளை.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். கட்டடம் காவு வாங்கிவிட்டது என்று ஊர் பேசியது. அஸ்திவாரத்தில் சேவல் அறுக்காமல் பூசணிக்காயை உடைத்ததுதான் குற்றமாம். ஆளுக்கு ஆள் இதையே சொன்னார்கள். அறுந்த கயிற்றை ஒருத்தன் எடுத்துப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்த என் வீட்டுக்காரரும் சேர்ந்து தலையாட்டினார். ஊரார் மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்த கோபம் பெரிது.

கருமாதி முடிந்த மறுநாள் சாரத்துக்கு முன்னால் கிடாய் வெட்டினார்கள். ரத்தத்தை ஒவ்வொரு மூங்கிலிலும் தடவினார்கள். கழன்ற கழியை அதே கயிற்றின் மிச்சத்தால் கட்டியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏனுங்க, ஏறாதீங்க. அதே கவுறுங்க."

"காவுதான் குடுத்தாச்சில்ல. இனி ஒண்ணும் ஆவாது, போ."

இவர் சாகத்தான் போகிறார் என்று எனக்குப் பட்டது. கயிறு என்று கத்தினால் யார் காதில் ஏறும்? இவர்களுக்கு எது ஏறுமோ அதைச் செய்தேன். விறுவிறுவென்று போய் ஒவ்வொரு மூங்கிலாகக் கட்டிப் பிடித்தேன். எல்லாவற்றையும் தொட்டு முடித்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னேன்.

"நா நேத்திருந்து தூரமுங்க."

அது முழுப் பொய். ஆனால் நின்றவர்கள் எல்லாரும் நெருப்பை மிதித்தவர்கள் மாதிரி பின்னால் துள்ளினார்கள். "சாமி முன்னால வந்து தீட்டாக்கிட்டியேடி, பாவி!" என்று மேஸ்திரி கத்தினார். என் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்தார். அறையட்டும். அறைவதற்கு ஆள் உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தது.

பண்ணாடி அப்போதுதான் வாயைத் திறந்தார். தீட்டுப்பட்ட சாரம் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது, ஒரு முடிச்சு விடாமல் அவிழ்த்து எறியுங்கள் என்றார். வீடு பாதியில் நின்றுபோகும் என்ற பேச்சையே காணோம். நாளைக்கு வேலைக்கு வராதே என்று என்னைத் துரத்தினார்கள். நான் போகவில்லை. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி முடிச்சுகளை அவிழ்க்கவே வேண்டியிருக்கவில்லை. இழுத்த இழுப்புக்கு வந்தன.

உச்சி வெயிலுக்குள் வேலூரிலிருந்து ஒரு வண்டி நிறையப் புதுக் கயிறு வந்து இறங்கியது. கேட்டவுடன் வருகிற கயிறு, என் கொழுந்தன் கேட்ட அன்றைக்கு எங்கே போயிருந்தது?