மூன்றாவது வண்டியின் சேறு

1. ஐந்து படங்கள்

இதழின் அட்டைக்கு ஒரு படம் தேடி, பழைய படங்களை மேசையில் பரப்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. இதுவரை நாங்கள் நடத்திய மோட்டோகிராஸ், அதாவது மண்பாதைப் பந்தய மோட்டார் சைக்கிள், ஒப்பீடுகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் மூன்று வண்டிகள். சிவப்பு வண்டியின் டயரில் புழுதி. மஞ்சள் வண்டியின் டயரில் புழுதி. நீல வண்டியின் டயரில் மட்டும் சேறு அப்பியிருந்தது. ஐந்தில் நான்கு தடவை அப்படி. சேறு இல்லாத அந்த ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் என் கையெழுத்து: ‘மழை இல்லை. நீலம் இரண்டாவது.’

மற்ற நான்கிலும் நீலம் கடைசி. நான்கிலும் மழை.

ஈப்போவில் ஓர் அச்சகம் நடத்தும் தமிழ் மாத இதழில் நான் வேலை பார்க்கிறேன். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு புரூப் பார்க்கச் சேர்ந்தவன். மோட்டோகிராஸ் பைத்தியம் பிடித்தது பள்ளியில். வெளிநாட்டு இதழ்களில் வரும் ஒப்பீடுகளைப் படித்துவிட்டு, ‘அவன் மண் வேறு, நம் மண் வேறு, நாமே ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும்’ என்று ஆசிரியர் பால்ராஜ் சாரை நச்சரித்து இரண்டு பக்கம் வாங்கினேன். அந்த இரண்டு பக்கத்துக்காகவே தோட்டத்து இளைஞர்கள் இதழ் வாங்க ஆரம்பித்தார்கள். வண்டி வாங்கப் போகிறவர்கள் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

2. முதலில் வருபவர் முதலில்

ஈப்போவை அடுத்த லகாட்டில் மூடிப்போன ஈயச் சுரங்கத்தின் மணல்மேட்டில்தான் எங்கள் தேர்வு. மேட்டில் மணல், இறக்கத்து வளைவில் களிமண். ஓட்டுபவர் குமரன், சிம்பாங் பூலாய் கல்லுடைக்கும் ஆலையில் லோரி ஓட்டுகிறார், பந்தயங்களில் பெயர் எடுத்தவர். வண்டிக்குப் பத்து சுற்று. ஸ்டாப்வாட்ச் என் கையில். எந்த வண்டி முதலில் வருகிறதோ அது முதலில் ஓடும். யாருக்கும் சலுகை கிடையாது என்பதால் அதுதான் நியாயம் என்று நினைத்தோம்.

சிவப்பும் மஞ்சளும் ஈப்போ கடைகளின் வண்டிகள். ஞாயிறு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடும். நீல வண்டி கோலா கங்சாரிலிருந்து வர வேண்டும். கடைக்காரர் முனியாண்டி அண்ணன் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர மதியம் ஒரு மணியாகிவிடும்.

“என்னண்ணே, மாப்பிள்ள ஊர்வலமா? இவ்ளோ மெதுவா வாரீங்க” என்று குமரன் கிண்டல் செய்வார்.

“தோட்டத்து ஆளுக்கு ஞாயித்துக்கெழமதான்லா லீவு. ரிப்பேருக்கு வந்து நிக்கிறவன வுட்டுட்டு உன் பின்னாடி வரச் சொல்றியா?”

“மழ வருதுண்ணே, சீக்கிரம் எறக்குங்க.”

இறக்கி, பெட்ரோல் ஊற்றி, செயினைச் சரிபார்ப்பதற்குள் மலைப்பக்கம் கறுத்துவிடும். கொட்டகையில் ஒதுங்கி நிற்போம். மழை விட்டதும் குமரன் காலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். “தண்ணி வடிஞ்சிருச்சு. போலாம்.” நீல வண்டி போகும். களிமண் வளைவில் முன்சக்கரம் வழுக்கும். நான் எழுதுவேன்: ‘முன்சக்கரம் வளைவில் நிலைகொள்ளவில்லை. நம்பி வாங்குவதற்கில்லை.’

3. கோப்பிகூடக் குடிக்கவில்லை

மூன்றாவது ஒப்பீடு வந்த பிறகு ஒரு வாசகர் காரசாரமாகக் கடிதம் எழுதினார். நீல வண்டி வைத்திருப்பவர். ‘ஈப்போ கடைத் தவ்கேக்கள் எவ்வளவு கொடுத்தார்கள்?’ என்று கேட்டிருந்தார். அவருக்கு ஆதரவாக நான்கு பேர், எங்களுக்கு ஆதரவாக ஆறு பேர். மூன்று இதழ்களுக்கு அந்தச் சண்டை நீண்டது. கடைசியில் நான் பதில் எழுதினேன்: ‘எந்தக் கடையிலும் நாங்கள் ஒரு கோப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லாது.’

அது அத்தனையும் உண்மை. குமரன் எந்த வண்டியையும் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியதில்லை. நான் ஒரு நொடியைக்கூட மாற்றி எழுதியதில்லை. கை சுத்தமாக இருந்தால் எழுதுவதும் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன். கடிதம் எழுதியவரும் லஞ்சத்தைத்தான் தேடினாரே தவிர, மழையைத் தேடவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்த மூன்றாவது கட்டுரையின் கையெழுத்துப் பிரதியில், ‘நீல வண்டி ஓடும் முன் மழை பெய்தது’ என்று ஒரு வரி இருந்தது. அதை நானே அடித்தேன். இருந்தால் தோற்ற வண்டிக்குச் சாக்குச் சொல்வதுபோல் இருக்கும், தீர்ப்பின் வேகம் குறைந்துவிடும் என்று பட்டது. இப்போது பிரதியை எடுத்துப் பார்த்தேன். அடித்த கோடு நேராக, தடுமாற்றமில்லாமல் இருந்தது.

4. பால்ராஜ் சார்

படங்களை வரிசையாக அவர் முன் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“அடுத்த இதழ்ல தப்புன்னு போட்ருவோம் சார்.”

“எத்தன இதழ் தப்பு?”

“நாலு.”

“நாலு இதழ் தப்புன்னு சொன்னா அஞ்சாவத எவன்டா நம்புவான்? அருளு, நீ திருடல. யாரையும் ஏமாத்தல. மழ பேஞ்சிச்சு. அதுக்கு நாம என்ன செய்யிறது?”

“பேஞ்சத எழுதிருக்கலாம் சார்.”

அவர் படங்களை அடுக்கி உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். “வெறும் சந்தேகத்த எல்லாம் அச்சுல ஏத்த முடியாது. மொதல்ல நிச்சயமா தெரிஞ்சிட்டு வா. அப்புறம் பேசலாம்.”

கோபம் வந்தது. ஆனால் ‘நிச்சயமாகத் தெரியுமா?’ என்பது நான் நான்கு தடவையும் என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

5. கோலா கங்சார்

பஸ்ஸில் போனேன். முனியாண்டி அண்ணன் கடை முகப்பில் நீல வண்டியின் ஏஜென்சி போர்டு இல்லை. அது இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெள்ளையாக, நான்கு மூலையிலும் ஆணித் துளையோடு இருந்தது. உள்ளே அவர் ஒரு சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

“வா தம்பி. யாரு வண்டிய கவுக்க வந்த?”

நான் படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

“கம்பெனிக்காரன் போன மாசம் வந்தான். ஒன் பக்கத்த யாரோ அவனுக்கு இங்கிலீஷ்ல சொல்லிருக்காங்க. ‘உன் ஏரியாவுல பேரு கெட்டுப்போச்சு’ன்னான். ஏஜென்சிய ஈப்போவுக்கு மாத்திட்டான்.” டியூபைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: “அன்னைக்கி மழ பேஞ்சது ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்ணே.”

“எங்கூட ஒரே கொட்டகையிலதான நின்ன?”

“ஆமாண்ணே.”

“எழுதுனியா?”

“இல்ல.”

“நீ காசு வாங்கிருந்தாகூட ஒன்ன நாலு வார்த்த திட்டிட்டு மறந்துருப்பேன்லா. இப்ப எதச் சொல்லித் திட்டுறது?”

மறுபடி ஒரு தேர்வு நடத்துகிறேன், உங்களிடம் மிச்சமிருக்கும் வண்டியைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

“அது ஜெயிச்சா போர்டு திரும்பி வந்துருமா?”

“வராதுண்ணே.”

“தோத்தா?”

“அதையும் எழுதுவேன்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்து வேலை மேசைமேல் வைத்தார். என் கையில் தரவில்லை. “ஞாயித்துக்கெழம கடைய மூட மாட்டேன். வேணும்னா நீயே வந்து ஏத்திக்கிட்டுப் போ.”

6. செவ்வாய்க்கிழமை

ஈப்போ சிவப்புக் கடைக்காரர் வண்டி தர மறுத்துவிட்டார். “முடிஞ்ச கதைய எதுக்குக் கெளர்ற?” என்றார். லகாட்டில் ஒருவர் சிவப்பு வண்டியைச் சொந்தமாக வைத்திருக்கிறார், செவ்வாய்களில் மட்டும் தருவதாகக் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். மஞ்சள் கிடைக்கவில்லை. குமரன் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் கறுத்தது. “மச்சான், ஓட்டுனது நானுலா. களிமண்ணு வழுக்குதுன்னு என் காலுக்குத் தெரியும். நீ கேக்கல, நானும் சொல்லல” என்றார்.

திங்கள் மாலை நானே போய் நீல வண்டியை ஏற்றி வருகிறேன். செவ்வாய் காலை எட்டரைக்கு, காய்ந்த மண்ணில், நீலம் முதலில் ஓடும். அதன் பிறகு சிவப்பு. மழைக்காகக் காத்திருப்போம். மழை விட்டதும் சிவப்பு மறுபடி, கடைசியில் நீலம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணி, மண்ணின் நிலை, குமரன் அதுவரை எத்தனை சுற்று ஓட்டிக் களைத்திருக்கிறார் என்பது எல்லாம் குறிக்கப்படும். அன்று மழை வராவிட்டால் இன்னொரு செவ்வாய், இன்னொரு விடுப்பு.

நீலம் உண்மையிலேயே மெதுவான வண்டியாக இருக்கலாம். இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாதது அதுதான். அப்படியிருந்தால் முனியாண்டி அண்ணனின் வண்டியைப் பற்றி ஐந்தாவது தடவையும் நல்லதாக ஒன்றும் எழுத முடியாது. எப்படி வந்தாலும், மழையைப் பற்றிய வரி கட்டுரையின் முதல் வரியாக இருக்கும். பால்ராஜ் சார் இடம் தராவிட்டால் ஸ்டென்சில் வெட்டி, கையால் சுற்றும் இயந்திரத்தில் அச்சடித்து, கோலா கங்சாரிலிருந்து தொடங்கித் தோட்டம் தோட்டமாக நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.