வலது பக்கக் கியர்

"பழைய புல்லட்டும்மா, கியர் வலது பக்கம் இருக்கு. இடது பக்கம் மாத்திரவா?" என்று மெக்கானிக் கேட்டார். மகன் வாங்கிவந்த வண்டி அது. கிரீஸ் வாசனையில் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா திருச்சுழி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். எழுபதுகளில் ஒரு காளை மிதித்து அவரது வலது பாதம் நொறுங்கிவிட்டது. எலும்பு கூடிய பிறகும், கீழே அழுத்த முடிந்ததே தவிர, கியர் போட முன்பாதத்தைத் தூக்க வரவில்லை. அவரிடம் இருந்ததும் இதே மாதிரி புல்லட்; அது இல்லாமல் மாடு பார்க்க ஊர் ஊராகப் போக முடியாது. அருப்புக்கோட்டைப் பட்டறையில் கியரை இடது பக்கத்துக்கும் பிரேக்கை வலது பக்கத்துக்கும் மாற்றிக்கொண்டார்.

முதல் நாளே பழைய பழக்கத்தில் பிரேக் என்று இடது காலை அழுத்தி, வண்டி நிற்காமல் கருவேல முள்ளுக்குள் விழுந்தார். மறுநாள் என்னை முன்னால் பெட்ரோல் டாங்கியில் உட்கார வைத்துவிட்டு அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். வளைவு வந்தால், "ஏங்க, வலது கால்" என்பாள். விடியுமுன் சோறாக்கிவிட்டு, தினமும் வெயிலெல்லாம் கூடவே வந்தாள்.

"வீட்ல இரேன். நான் பாத்துக்கிடுறேன்."

"ஒங்க காலு பாத்துக்கிட்டா நான் ஏன் வாரேன்?"

ஒரு சாயங்காலம் வீரசோழன் ஊரிலிருந்து திரும்பும்போது அம்மாவின் குரலே இல்லை. அப்பாவின் முதுகில் தலைசாய்த்துத் தூங்கியிருந்தாள். திடீரென ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. அப்பா வலது காலை அழுத்தினார். வண்டி அலுங்காமல் நின்றது. மந்தை கடக்கும்வரை ஹாரன்கூட அடிக்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா கண்விழித்தாள்.

"வழியில எதுவும் குறுக்க வந்துச்சா?"

"ஆடு வந்துச்சு. நிறுத்திட்டேன்."

"அப்ப நாளைக்கு நான் வரல."

அன்று அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பாய்கூட விரிக்காமல் படுத்தவள், மறுநாள் வெயில் ஏறும்வரை எழவில்லை.