நாட்டுச் சர்க்கரையில் பிடித்த உருண்டை

சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் நாச்சியம்மாளுக்கு மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. கருகி வந்த மோட்டாரை யாராவது அவசரப்பட்டுப் பிரித்தால், "மொதல்ல கரண்டு எப்படி வருதுன்னு பாருங்க, அப்பறம் மோட்டாரக் கொறை சொல்லுங்க" என்பாள். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே பல வருஷமாகப் பட்டறையில் அறிவாளியாக நடமாடி வந்தாள். அதைத் தன் உடம்புக்கும் சொல்லிப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

உடம்புக்கு வந்தது அரிப்பு. வெளியே சொல்லக்கூடிய இடத்தில் அல்ல. கூடவே வெள்ளைப்பட்டது. மருந்துக்கடை மாத்திரைக்கு அடங்கும், மறுபடி வரும். சோதனை மேஜைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பதே தண்டனையாகிவிட்டது. டாக்டரிடம் போனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எந்தச் சொல்லோடும் ஒரு 'ங்க' சேர்த்து மரியாதையாக்கிவிடும் ஊரில் பிறந்தவள்தான்; அந்த இடத்தின் பெயரோடு மட்டும் எந்த 'ங்க'வும் ஒட்டவில்லை.

அதனால் போனை நம்பினாள். அது ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று என்று தானே முடிவு கட்டி, அதற்கென்று விற்கும் இயற்கை மாத்திரையில் என்னென்ன இருக்கிறதென்று படித்தாள். பூண்டு, வேம்பு, மாதுளம் ஓடு, தேங்காயெண்ணெயிலிருந்து எடுத்த ஏதோ அமிலம், ஆரிகானோ. கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் வீட்டிலேயே இருந்ததில் அவளுக்குத் தாங்க முடியாத பெருமை. பட்டறையில் யாரோ வாங்கிய பீட்சாவோடு வந்த ஆரிகானோ இலைத்தூள் பொட்டலத்தை மோந்து பார்த்து, தொட்டியில் இருந்த ஓமவல்லியும் அதே சாதிதான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாள்.

அரைத்ததை நாக்கில் வைக்க முடியவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் கரும்பாலை வைத்திருக்கும் அண்ணன் அங்கப்பன் அனுப்பிய நாட்டுச் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு உருண்டை பிடித்தாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அரிப்பு கூடியது. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வருகிறது, மருந்து வேலை செய்கிறது என்று எண்ணி உருண்டையைப் பெரிதாக்கினாள். இப்படியொரு தத்துவம் கையிலிருந்தால் எந்த மருந்தும் தோற்காது.

பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் பாத்திமுத்துதான் முதலில் கவனித்தாள்.

"ஏனுங்க்கா, தண்ணி குடிக்கறதும் பாத்ரூமுக்கு ஓடறதுமாவே இருக்கறீங்க. நீங்களே பம்ப்செட் ஆயிட்டீங்களா?"

"வெயிலு புள்ள."

"வெளிய மழ பேயுதுங்க்கா."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. முக்கால்வாசி சைகையாலும் கால்வாசி பேச்சாலும் விஷயத்தைச் சொன்னாள். பாத்திமுத்து அன்று சாயங்காலமே ஸ்கூட்டரில் உட்காரவைத்து, பீளமேட்டில் ஃபஹீமா என்ற லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

பரிசோதித்து, உருண்டை விஷயத்தையும் தெரிந்துகொண்டு டாக்டர் கேட்டார்: "சுகர் பாத்திருக்கீங்களா?"

"எங்கூட்டுல சக்கரையே சேத்தறதில்லீங்க, டாக்டர்." சொல்லும்போதே முதுகு நிமிர்ந்துகொண்டது.

"இந்த உருண்டைய எதுல புடிச்சீங்க?"

"நாட்டுச் சக்கரைலங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாத்திமுத்து மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தாள். நாச்சியம்மாள் மட்டும், "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று இருவருக்கும் தைரியம் சொன்னாள்.

ரத்தப் பரிசோதனை வேறு மாதிரி சொன்னது.

"பூண்டும் வேம்பும் ஆய்வுக்கூடத்துல அந்தப் பூஞ்சையக் கொஞ்சம் அடக்குதுங்க" என்றார் டாக்டர். "உடம்புல தீத்துரும்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. ரத்தத்துல இவ்வளவு சக்கரைய வெச்சுட்டு எதச் சாப்பிட்டாலும் அது திரும்பத் திரும்ப வரும். ஒரு வார்த்த முன்னாலயே வந்து சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

சொல்லத்தான் முடியவில்லை. கரண்டைப் பார்க்காமல் மோட்டாரைப் பிரித்துப்போட்டதும் அல்லாமல், கரண்டையும் ஏற்றிவிட்டவள் அவள்.

மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக, மெல்ல மெல்ல அரிப்பு விட்டது. மேஜைக்கு முன் நிம்மதியாக நின்ற ஒரு நாளில் அங்கப்பன் போனில் கூப்பிட்டார்.

"அம்மணி, புதுச் சக்கரை இறக்கியாச்சு. எத்தன கிலோ கட்டட்டும்?"

"வேண்டாமுங்கண்ணா. எனக்குச் சுகர் இருக்குதாமா."

"நாட்டுச் சக்கரை ஒண்ணும் பண்ணாது கண்ணு!"

தன் குரலையே போனில் கேட்டதுபோல் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அதுசரி, சுகருன்னு எப்படித் தெரிஞ்சுது? மயக்கங்கியக்கம் வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மயக்கம் கௌரவமானது. நாச்சியம்மாள் பட்டறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"இல்லீங்கண்ணா. அரிப்புங்க. கீழ."

இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"எனக்குங்கூட..." என்று கடைசியில் அண்ணன் இழுத்தார். "ரொம்ப நாளா இருக்குது அம்மணி. வேப்பெண்ணெய் பூசிட்டு இருக்கறேன்."

"ரத்தம் பாத்தீங்களா?"

"இல்ல. ஆரு கிட்டப் போயி என்னன்னு சொல்றது?"

"ஞாயித்துக்கெழம பஸ் ஏறி வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"செரி, வாரேன்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஆம்பள டாக்டரா இருந்தாத் தேவலை கண்ணு" என்றார்.